பொண்ணுக்கு 14 ரூல், பையனுக்கு 5: இது நியாயமா?

நீங்க கேட்டதை என் வார்த்தையில ஒருவாட்டி சொல்லிடறேன், தப்பா புரிஞ்சிருந்தா திருத்துங்க. ஒரே ஸ்கூல்ல பொண்ணு எட்டாவது, பையன் பத்தாவது. ஸ்கூல் அனுப்புன டிரெஸ் கோட் சர்க்குலர்ல பொண்ணுங்களுக்கு 14 பாயின்ட், பசங்களுக்கு 5. போன வாரம் ஸ்கர்ட் நீளம் பத்தலன்னு பொண்ணை முதல் ரெண்டு பீரியட் வெளிய நிக்க வெச்சிருக்காங்க. நீங்க கோவப்பட்டப்போ பையன் "ரூல்னா ரூல்தானேப்பா"ன்னு சொல்லிருக்கான். கடைசியா, எண்ணிக்கை கூட இருக்குங்கறதுக்காகவே பாரபட்சம்னு சொல்லிட முடியுமா, இல்ல நான்தான் ஓவரா யோசிக்கிறேனான்னு கேட்டு முடிச்சிருக்கீங்க.

கேள்வி என்னவோ எண்ணிக்கை பத்தினதுதான், ஆனா உங்களை உறுத்துறது அந்த 14ம் 5ம் இல்ல, அந்த ரெண்டு பீரியட்னு நினைக்கிறேன். அது உறுத்த வேண்டிய விஷயம்தான். நான் 21 வருஷம் டீச்சரா இருந்தவ, அதுல 6 வருஷம் டிசிப்ளின் இன்சார்ஜ், அதாவது காலையில கேட்ல நின்னு யாரை உள்ள விடறது யாரை ஓரமா நிறுத்தறதுன்னு முடிவு பண்றவ. இந்த மாதிரி சர்க்குலர் எழுதுற மீட்டிங்ல எல்லாம் உக்காந்திருக்கேன், ரெண்டு மூணு பாயின்ட் நானே எழுதியும் குடுத்திருக்கேன். நான் வக்கீல் இல்ல, சட்டம் நாட்டுக்கு நாடு மாறும், அதனால கேஸ் போட்டா ஜெயிக்குமான்னு மட்டும் என்னைக் கேக்காதீங்க.

முதல்ல எண்ணிக்கையை முடிச்சிடறேன். எண்ணிக்கை ஒரு சந்தேகத்தைக் கிளப்பும், அவ்வளவுதான், அதை வெச்சே தீர்ப்பு சொல்லிட முடியாது. பொண்ணுங்க டிரெஸ்ல வகை அதிகம், ஸ்கர்ட், பேன்ட், லெக்கிங்ஸ், கம்மல், ஹேர்பேண்ட்னு போயிட்டே இருக்கும், அதனால ரூல் எழுதறவங்க கை தானா நீளும். அமெரிக்காவுல நாடாளுமன்றத்துக்காக தணிக்கை பண்ற ஜி.ஏ.ஓ.ன்னு ஒரு அரசு அமைப்பு இருக்கு, அது 2022 அக்டோபர்ல அந்த நாட்டு அரசுப் பள்ளிகளோட டிரெஸ் கோட்ல ஒரு மாதிரியை எடுத்துப் பாத்து ஒரு ரிப்போர்ட் போட்டுச்சு. பொண்ணுங்க வழக்கமா போடுற ஏதாவது ஒரு துணியைத் தடை பண்றது சுமார் 90 சதவீத டிரெஸ் கோட்ல இருக்கு, பசங்க போடுறதைத் தடை பண்றது 69 சதவீதத்துல. இடைவெளி இருக்கு, ஆனா பசங்களுக்கு ரூலே இல்லன்னு சொல்ற அளவுக்கு இல்ல பாருங்க. அதே ரிப்போர்ட்ல என்னை உலுக்கினது வேற ஒரு எண். சுமார் 60 சதவீத டிரெஸ் கோட்ல உடம்பையோ துணியையோ அளந்து பாக்க வேண்டி வர்ற ரூல் இருக்காம், அப்படி அளக்கும்போது பெரியவங்க கை பிள்ளைங்க மேல பட வாய்ப்பு இருக்குன்னும் அதுல எழுதியிருக்காங்க. அந்தக் கையில ஒரு கை என்னோடதா இருந்திருக்கு, அதான் உலுக்குச்சு.

எங்க ஸ்கூல்ல ஸ்கர்ட்டை எப்படி அளப்போம்னா, பொண்ணை தரையில முட்டி போட வெச்சு, ஸ்கர்ட் ஓரம் தரையில படுதான்னு பாக்கணும். படலன்னா இடைவெளிய 30 சென்டிமீட்டர் மர ஸ்கேல் வெச்சு அளந்து நோட்டுல எழுதணும். ஒருநாள் ஒன்பதாவது பொண்ணு ஒருத்திய அப்படி முட்டி போட வெச்சேன், ஆறு சென்டிமீட்டர் இடைவெளி. நோட்டுல எழுதிட்டு "ஏம்மா, வருஷ ஆரம்பத்துல சரியாத்தானே இருந்துச்சு, இப்ப எதுக்கு கட் பண்ணி தைச்சே?"ன்னு கேட்டேன். அவ எந்திரிச்சு முட்டியில ஒட்டியிருந்த மண்ணைத் தட்டி விட்டுட்டு, குரலை உயர்த்தாம, "ஸ்கர்ட் சின்னதாகல மிஸ், நான்தான் வளந்துட்டேன்"ன்னா. பின்னாடி லைன்ல நின்ன பசங்க சிரிச்சாங்க. நான் சயின்ஸ் டீச்சர் வேற, வளர்ச்சி வேகத்தை போர்டுல கிராஃப் போட்டு நடத்துறவ, எனக்கு இது தோணலை பாருங்க. பொண்ணுங்க சராசரியா 12 வயசை ஒட்டி வருஷத்துக்கு எட்டு சென்டிமீட்டர் வரைக்கும் வளருவாங்க, பசங்களுக்கு அந்த வேகம் சுமார் 14 வயசுல வரும், இன்னும் கொஞ்சம் கூடவே இருக்கும். ஆக ரெண்டு பேர் துணியும் வருஷ நடுவுல பத்தாமப் போகும். பையனோட பேன்ட் ஏறினா கணுக்கால் தெரியும், "என்னடா தண்ணிக்குள்ள நடந்து வந்தியா"ன்னு கிண்டல் பண்ணிட்டு விட்டுடுவோம். பொண்ணோட ஸ்கர்ட் அதே அளவு ஏறினா முட்டி தெரியும், உடனே வளர்ப்பு சரியில்லன்னு பேச்சு வந்துடும்.

உங்க கேள்விக்கு என் பதில் இதுக்குள்ளதான் இருக்கு. அன்னிக்கு சாயங்காலம் அந்த நோட்டை முதல் பக்கத்துலேருந்து படிச்சேன், எத்தனை பேர்னு எண்ணாம, "காரணம்"னு இருந்த கட்டத்தை மட்டும். பசங்க பேருக்கு எதிர்ல சட்டை வெளிய, பெல்ட் இல்ல, முடி, ஷூ பாலிஷ் இல்ல. பொண்ணுங்க பேருக்கு எதிர்ல டைட், குட்டை, உள்ள தெரியுது, ரெண்டு இடத்துல "அசிங்கமா". எல்லாம் என் கையெழுத்து. பையன் செஞ்சது சோம்பேறித்தனம், இல்லன்னா திமிரு, அதைத் திருத்திக்க ஒரு நிமிஷம் போதும், சட்டையை உள்ள விட்டா முடிஞ்சுது. பொண்ணு செஞ்சதா நாங்க எழுதினது அவ உடம்பு பத்தினது, அதை கேட்லயே நின்னு எப்படித் திருத்துவா? வீட்டுக்குப் போகணும், இல்ல யாரோட பேன்ட்டையோ கடன் வாங்கணும், அதுவும் இல்லன்னா பீரியட் முடியற வரைக்கும் வெளிய நிக்கணும். ரூல் ரெண்டு பேருக்கும் இருக்கு, ஆனா கிளாஸை இழக்கிறது யாருன்னு பாத்தா வித்தியாசம் தெரிஞ்சிடும். உங்க பையன் சொல்ற "ரூல்னா ரூல்தானே"வுக்கு இதைக் கேட்டுப் பாருங்க, அவன் டிரெஸ்ஸுக்காக எத்தனை பீரியட் வெளிய நின்னிருக்கான்னு.

இன்னொன்னு, ஒரே துணி ரெண்டு பொண்ணுங்க மேல ரெண்டு விதமா தெரியும். ஒல்லியா இருக்கறவ போட்டா கண்ணுல படாத சட்டை, கொஞ்சம் உடம்பு வாகா இருக்கறவ போட்டா "டைட்". சீக்கிரம் வயசுக்கு வந்த ஆறாவது பொண்ணுங்கதான் இதுல ரொம்ப பாவம், பக்கத்து பெஞ்சு பொண்ணோட அதே சைஸ் சட்டை, திட்டு மட்டும் இவளுக்கு. "கண்ணியமா", "பொருத்தமா" மாதிரி வார்த்தைகளை வெச்சு ரூல் எழுதினா அளவுகோல் துணியில இருக்காது, பாக்கறவங்க கண்ணுலதான் இருக்கும். இது எனக்கு உறுதியா தெரியும், ஏன்னா நான் லீவு போட்ட நாள்ல வேற டீச்சர் நின்னா அன்னிக்கு பிடிபடற பொண்ணுங்களே வேறயா இருப்பாங்க.

அடுத்து எல்லா மீட்டிங்லயும் வர்ற வாதம், "பசங்க கவனம் சிதறுது". நானும் ஒரு காலத்துல தலையாட்டினவதான். அப்புறம் யோசிச்சா, பையன் கவனம் சிதறினா கிளாஸை விட்டு வெளிய போறது பொண்ணு, அது என்ன கணக்கு? கவனம் சிதறினவனை இல்ல சரி பண்ணணும்? இதுல பசங்களுக்கும் ஒரு அவமானம் இருக்கு, அதை யாரும் பேசறதில்ல. ஒரு முட்டியைப் பாத்தா கணக்குப் பாடமே மறந்துடுற ஜென்மம்தான் நீங்கன்னு பதிமூணு வயசுப் பசங்களுக்கு நாமளே சொல்லிக் குடுக்கறோம். என் கிளாஸ்ல கவனம் சிதற முக்கால்வாசி காரணம் பசியும் தூக்கமும்தான், ஸ்கர்ட் இல்ல.

இப்ப பசங்க பக்கம், ஏன்னா அவங்க ஜாலியா இருக்காங்கன்னு நினைச்சுட கூடாது. முடி விஷயத்துல பசங்களுக்கு நடக்கறதுதான் பெரிய அநியாயம். அமெரிக்காவுல இந்தியானா மாநிலத்துல ஒரு ஸ்கூல் பாஸ்கெட்பால் டீம்ல பசங்க முடி காதுக்கும் காலருக்கும் மேலதான் இருக்கணும்னு ரூல், பொண்ணுங்க டீமுக்கு அப்படி எதுவும் இல்ல. கேஸ் போச்சு, 2014ல ஏழாவது சர்க்யூட் அப்பீல் கோர்ட் (சுப்ரீம் கோர்ட்டுக்கு அடுத்த படியில இருக்கற மத்திய அப்பீல் கோர்ட்கள்ல ஒன்னு) இது பாலினப் பாகுபாடுன்னு சொல்லிடுச்சு. டெக்சாஸ்ல ஒரு கறுப்பின மாணவர் சடைசடையா முடி வளத்ததுக்காக 2023லேருந்து அந்தக் கல்வியாண்டோட பெரும்பகுதியை கிளாஸுக்கு வெளியவே கழிச்சார். அவர் தரப்புல போட்ட கேஸ்ல பெரும்பாலான வாதங்களை 2024 ஆகஸ்ட்ல ஃபெடரல் ஜட்ஜ், அதாவது மத்திய கோர்ட் நீதிபதி, தள்ளுபடி பண்ணிட்டார், ஆனா இந்த நீள ரூல் பசங்களுக்கு மட்டும்தானே இருக்குங்கற வாதத்தை மட்டும் மேல நடக்க விட்டார். முடி நம்ம கூட வீட்டுக்கு வர்ற விஷயம், யூனிஃபார்ம் மாதிரி சாயங்காலம் கழட்டி வெச்சிட முடியாது, அதனால முடி ரூல் ஸ்கூல் நேரத்தோட நிக்காது. துணியிலயும் உண்டு. இங்கிலாந்துல எக்ஸிட்டர்ல 2017 ஜூன்ல கடுமையான வெயில், பசங்க ஷார்ட்ஸ் கேட்டாங்க, ரூல்ல இல்லன்னுட்டாங்க, ஆனா ஸ்கர்ட் ரூல்ல இருக்கே! டஜன் கணக்குல பசங்க ஸ்கர்ட் போட்டுக்கிட்டு வந்து நின்னுட்டாங்க. ரூல்படி பாத்தா அந்த ஸ்கர்ட்டும் யூனிஃபார்ம்தான்.

பொண்ணுங்க பக்கத்துல நான் அடிக்கடி சொல்ற கேஸ் ஒன்னு இருக்கு. நார்த் கரோலினாவுல அரசுப் பணத்துல, ஆனா தனி நிர்வாகத்துல நடக்கற ஒரு சார்ட்டர் ஸ்கூல், பொண்ணுங்க பேன்ட் போடக் கூடாது, ஸ்கர்ட் வகைதான். 2016ல கேஸ் போட்டாங்க. பொண்ணுங்க சொன்னது ரொம்ப சாதாரணமான விஷயங்கள்தான், ஏற முடியல, குட்டிக்கரணம் அடிக்க முடியல, உக்காரும்போது காலை எப்படி வெக்கறதுங்கற கவலை, குளிர். ஸ்கூல் பக்கம் பெண்மையை மதிக்கற வீரப்பண்பு, பொண்ணுன்னா ஆண்கள் பத்திரமா பாத்துக்க வேண்டிய மென்மையான பாத்திரம்ங்கற மாதிரி விளக்கம். பன்னெண்டு வயசுப் பொண்ணை யாரு பாத்திரம்னு சொன்னது, விடுங்க. 2022 ஜூன்ல நாலாவது சர்க்யூட் கோர்ட் இது அமெரிக்க அரசியலமைப்பு குடுக்கற சம பாதுகாப்பு உரிமையை மீறுதுன்னு தீர்ப்பு குடுத்துச்சு, 2023 ஜூன்ல சுப்ரீம் கோர்ட் அப்பீலை எடுத்துக்க மறுத்துடுச்சு. இதுல கவனிக்க வேண்டியது, கோர்ட் ஸ்கர்ட்டைத் தப்புன்னு சொல்லல, டிரெஸ் கோடே கூடாதுன்னும் சொல்லல. அந்த ரூலுக்குப் பின்னாடி ஸ்கூல் சொன்ன காரணம்தான் மாட்டுச்சு. காரணம் கேளுங்கன்னு நான் திரும்பத் திரும்ப சொல்றது அதனாலதான்.

ஸ்கர்ட்டால விளையாட்டு குறையுதாங்கறதுல மட்டும் கொஞ்சம் ஜாக்கிரதையா பேசணும். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வு ஒன்னு 2024 ஆரம்பத்துல வந்துச்சு, 5லேருந்து 17 வயசு வரைக்கும், 135 நாடு மற்றும் பகுதிகள்லேருந்து பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைங்க தரவு. உலக சுகாதார அமைப்பு சொல்ற தினசரி சராசரி 60 நிமிஷ உடல் இயக்கம், அதை எட்டறதுல தொடக்கப்பள்ளி வயசுல பசங்களுக்கும் பொண்ணுங்களுக்கும் உள்ள இடைவெளி, யூனிஃபார்ம் பரவலா இல்லாத நாடுகள்ல 5.5 சதவீதப் புள்ளி, பரவலா இருக்கற நாடுகள்ல 9.8 சதவீதப் புள்ளி. கேக்க பலமாத்தான் இருக்கு, ஆனா நாட்டுக்கும் நாட்டுக்கும் யூனிஃபார்ம் மட்டுமா வித்தியாசம்? அதனால இது ஸ்கர்ட்தான் காரணம்னு நிரூபிக்கல, அந்த ஆய்வாளர்களும் அப்படி சொல்லல. நான் கண்ணால பாத்தது வேணா சொல்றேன், பி.டி. டிரெஸ் போட்டு வர்ற நாள்ல இன்டர்வல்ல பொண்ணுங்க ஓடுவாங்க, மத்த நாள்ல சுவரோரமா நின்னு பேசுவாங்க. ஒரே பொண்ணுங்கதான், ஒரே கிரவுண்டுதான். யூனிஃபார்ம் இருந்தா ஒழுக்கம் தானா வரும்ங்கறதும் இதே மாதிரி ஜாக்கிரதையா எடுத்துக்க வேண்டியதுதான். அமெரிக்காவுல பத்தாம் வகுப்பு மாணவர்களை வெச்சு பிரன்ஸ்மா, ராக்வெமோர்னு ரெண்டு பேர் பண்ண ஆய்வு 1998ல வந்துச்சு, அதுல வருகை, நடத்தை எதுலயும் யூனிஃபார்முக்கு நேரடியான பலன் தெரியல. அதுக்காக யூனிஃபார்ம் வேண்டாம்னு நான் சொல்லல, எனக்கு பிடிக்கும், காலையில என்ன போடறதுன்னு வீட்டுல நடக்கற சண்டை மிச்சம்.

அப்போ எல்லாருக்கும் ஒரே டிரெஸ் குடுத்துட்டா தீர்ந்துச்சான்னு கேப்பீங்க. கேரளாவுல பாலுசேரி அரசுப் பள்ளியில 2021 டிசம்பர்ல மேல்நிலை வகுப்புக்கு எல்லாருக்கும் பேன்ட் ஷர்ட்னு கொண்டு வந்தாங்க, நிறைய பொண்ணுங்க சந்தோஷமா போட்டுக்கிட்டாங்க, வெளியில எதிர்ப்பும் வந்துச்சு. எனக்கு பேன்ட் மேல ஒரு வருத்தமும் இல்ல, ஆனா "பொது டிரெஸ்"னு சொல்லும்போதெல்லாம் அது ஏன் எப்பவும் பையனோட டிரெஸ்ஸாவே இருக்குன்னு ஒரு சின்ன நெருடல் உண்டு. ஆஸ்திரேலியாவுல குயின்ஸ்லாந்து மாநிலம் பண்ணது எனக்கு இன்னும் பிடிச்சிருக்கு, 2019லேருந்து அரசுப் பள்ளிங்க பொண்ணுங்களுக்கு ஷார்ட்ஸ், பேன்ட் சாய்ஸ் கட்டாயம் குடுக்கணும்னு கொண்டு வந்தாங்க, ஸ்கர்ட்டைத் தடை பண்ணல. சிகாகோ பக்கத்துல எவான்ஸ்டன்ல ஒரு ஹைஸ்கூல் 2017ல இன்னும் ஒரு படி மேல போய், பொண்ணு பையன்னு பிரிக்காம, உடம்புல எதெது கட்டாயம் மறைஞ்சிருக்கணும்னு மட்டும் பொதுவா எழுதிட்டாங்க, டேங்க் டாப், லெக்கிங்ஸ், ஹூடி எல்லாம் ஓகே. எல்லா ஸ்கூலுக்கும் அது சரிப்படும்னு நான் சொல்ல மாட்டேன், யூனிஃபார்ம் இருக்கற இடத்துல அது தேவையும் இல்ல.

இதெல்லாம் விட சின்ன விஷயம் ஒன்னு, பாக்கெட். உங்க பையன் பேன்ட்ல எத்தனை பாக்கெட்னு எண்ணுங்க, பொண்ணு ஸ்கர்ட்ல எத்தனைன்னு எண்ணுங்க. பீரியட்ஸ் நாள்ல ஒரு நாப்கினை யாருக்கும் தெரியாம பாத்ரூமுக்கு எப்படி கொண்டு போவான்னு யூனிஃபார்ம் டிசைன் பண்ற மீட்டிங்ல ஒருத்தர் கூட கேட்டு நான் பாத்ததில்ல. நானும் கேட்டதில்ல, நானும் அதே வயசைத் தாண்டி வந்தவதான், ஆனாலும் கேக்கல. வெள்ளை பாட்டம் முடிவு பண்ண ஸ்கூல்களைப் பத்தி பேச ஆரம்பிச்சா எனக்கு பி.பி. ஏறிடும்.

உங்க சர்க்குலருக்கு வர்றேன். அந்த 14 பாயின்ட்டையும் எடுத்து ஒவ்வொன்னுக்கும் பக்கத்துல அதோட காரணத்தை எழுதிப் பாருங்க. லேப்ல தொங்கற கம்மல் கூடாது, பாதுகாப்பு, சரி, பையனோட செயினுக்கும் அதே காரணம் பொருந்தும்னா அவன் லிஸ்ட்லயும் அது இருக்கணும். ஷூ மூடினதா இருக்கணும், சரி. "உடலமைப்பு வெளிப்படாத வகையில்"னு ஒன்னு வரும் பாருங்க, அதுக்கு காரணம் எழுத உங்க பேனா நிக்கும். அந்த மாதிரி எத்தனை இருக்கோ அதுதான் உங்க எண்ணிக்கை, 14 இல்ல. அநேகமா மூணோ நாலோ வரும், அந்த மூணு நாலை மட்டும் பேசுங்க. மொத்தத்தையும் எதிர்த்து லெட்டர் போட்டா "பேரன்ட் டிசிப்ளினுக்கு எதிரி"ன்னு ஒரு ஃபைல்ல வெச்சு மூடிடுவாங்க, நான் அந்தப் பக்கம் உக்காந்திருந்தவ, நானும் மூடியிருக்கேன்.

தண்டனையைத் தனியா பேசுங்க, அதுல உங்க கை ஓங்கியிருக்கு. ரூலை மாத்த ஸ்கூல் ஒரு வருஷம் எடுத்துக்கும், ஆனா "டிரெஸ்ஸுக்காக எந்தப் பிள்ளையையும் கிளாஸை விட்டு வெளிய நிறுத்தக் கூடாது, வீட்டுக்கு ஒரு குறிப்பு அனுப்புங்க, ஒரு வாரம் டைம் குடுங்க"ங்கறதை எந்த பிரின்சிபாலும் சுலபமா மறுக்க முடியாது. ஐ.நா. குழந்தைகள் உரிமை உடன்படிக்கை 28வது பிரிவுலயே பள்ளி ஒழுங்கு நடவடிக்கை பிள்ளையோட மனித கண்ணியத்துக்கு ஒத்ததா இருக்கணும்னு இருக்கு, 1989லேருந்து. அளக்கறதையும் கேளுங்க, யார் அளக்கறாங்க, எங்க வெச்சு, பசங்க லைன்ல நிக்கும்போதான்னு. எங்க ஸ்கூல்ல ஸ்கேலை நிறுத்தினது அந்த ஒரு கேள்விதான், ஒரு அப்பா வந்து கோவமே இல்லாம, "நீங்க என் பையனை எங்க முட்டி போட வெச்சு அளப்பீங்க டீச்சர்?"னு கேட்டார். எனக்கு பதில் இல்ல. அடுத்த மீட்டிங்ல நானே எடுத்துட்டேன்.

லெட்டர் எழுதறதுக்கு முன்னாடி பொண்ணுகிட்ட கேட்டுக்கங்க சார். நீங்க ரூமுக்குள்ள பேசிட்டு வந்துடுவீங்க, மறுநாள் காலையில கேட்டைத் தாண்டிப் போக வேண்டியது அவதான். வேண்டாம்னு சொன்னா அவ பேரைப் போடாம, எட்டாவதுலேருந்து பத்தாவது வரைக்கும் இன்னும் நாலு வீட்டு அப்பா அம்மா கையெழுத்தோட குடுங்க, முடிஞ்சா அதுல ரெண்டு பசங்களோட அப்பா அம்மாவா இருக்கட்டும். அது வரைக்கும் ஸ்கர்ட் ஓரத்தைப் பிரிச்சுப் பாருங்க, தைக்கும்போது ரெண்டு இன்ச் உள்ள மடிச்சு விட்டிருப்பாங்க. நான் அந்த ஒன்பதாவது பொண்ணு ஸ்கர்ட்டை அப்படித்தான் மறுநாள் ஸ்டாஃப் ரூம்ல உக்காந்து பிரிச்சுக் குடுத்தேன், பழைய மடிப்புக் கோடு கடைசி வரைக்கும் போகல.